இடது பக்கம் நகர்ந்து நின்ற ஒரு வரி

போன வாரம் நிர்மலா போன் செய்தாள். "அக்கா, புதுசா நாலு பேரு சேந்திருக்காங்க. நம்ம ரூல்ஸ் பேப்பர குடுத்தா மூஞ்சிய சுளிக்கிறாங்க. பிராக்கெட்ட எங்க போட்டா என்னா, எத்தன ஸ்பேஸ் வுட்டா என்னா, புரோகிராம் ஓடுதா இல்லியா, அத பாருங்கன்றாங்க. நீங்க நாலு வார்த்த எழுதிக் குடுங்களேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரைப் போய் எழுதச் சொல்கிறாள் பாருங்கள்! அந்தக் காகிதத்தை முதன்முதலாக அவள் நீட்டியபோது, கசக்கி அவள் மேஜைக்கே திருப்பி எறிந்தவள் நான்.

ஆகையால் முகம் சுளித்த நால்வருக்கும் சொல்கிறேன், உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. நான் சுளித்த சுளிப்பில் பாதிகூட நீங்கள் சுளித்திருக்க மாட்டீர்கள். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள், நான் ரிட்டயர்டு ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியாது.

நம்முடைய புரோகிராம் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பீங்கான் சூளைக்குள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடு ஏற வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்படி ஆற வேண்டும் என்று அது சொல்கிறது, சூளை கேட்கிறது. விருத்தாசலத்தில் பல யூனிட்டுகளில் ஓடுவது இந்த ஒரே புரோகிராம்தான். அதை முதலில் எழுதியவள் நான். பிறகு பெண்ணாடத்து செந்தில் வந்து சேர்ந்தான். கடைசியாக நிர்மலா. மூன்று பேரும் ஒரே புரோகிராமுக்குள் கை வைப்போம். ஆனால் மூன்று பேருடைய கையும் மூன்று தினுசு.

என் கை சிக்கனக் கை. 'இஃப்' என்று ஒரு நிபந்தனை எழுதினால், அதற்குக் கீழே ஒரே ஒரு வரிதான் வரும் என்றால் அதை அடைத்துக் காட்டும் பிராக்கெட் தேவையில்லை என்று புரோகிராம் மொழியே அனுமதிக்கிறது. அப்புறம் எதற்கு வீணாக இரண்டு பிராக்கெட்? போட மாட்டேன். புரோகிராமுக்குள் நான் வைக்கிற பெயரெல்லாம் தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில்: சூடு, மூடி, நெருப்பு. ஒவ்வொரு ஃபைலின் உச்சியிலும் முதல் வரியில் ஒரு 'உ'. பிள்ளையார் சுழி போடாமல் நான் மளிகை லிஸ்டுகூட எழுதியதில்லை, சூளைக்குப் போகிற சமாச்சாரத்தைப் போடாமல் எழுதுவேனா?

செந்திலின் வரிகள் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் மாதிரி, திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டேப் பொத்தானைத் தட்டித்தான் வரியைத் தள்ளி எழுதுவான். பெயர்கள் டி1, டி2, டி3. எது எந்தச் சூடு என்று அவனுக்கும் அந்த ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். நிர்மலா நம் ஜில்லா மங்களூர்ப் பக்கத்துப் பெண், சென்னையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். அவள் எழுத்து அச்சடித்த பாடப்புத்தகம். ஒருவர் ஃபைலை மற்றவர் திறந்தால், அடுத்த வீட்டு சமையல்கட்டில் உப்பு ஜாடியைத் தேடுகிற நிலைமைதான்.

சேர்ந்த மூன்றாவது மாதம் நிர்மலா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாள். ஒரே பக்கம். எத்தனை ஸ்பேஸ், பெயர் எப்படி, வரி எவ்வளவு நீளம். 'இஃப்' போட்டால் ஒற்றை வரியானாலும் பிராக்கெட் கட்டாயம். இதையெல்லாம் கையால் திருத்த வேண்டாம், ஒரு டூல் இருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் எல்லா ஃபைலையும் ஒரே மாதிரி அடுக்கிவிடும் என்றாள்.

"ஏம்மா, இருவது வருஷமா ஓடிக்கிட்டு இருக்குது. ஒரு சூள நின்னுச்சா? நீ வந்து என் கையெழுத்த மாத்தப் போறியா?" என்றேன்.

"கையெழுத்து இல்லக்கா. யாரு படிச்சாலும்..."

"படிக்கத் தெரிஞ்சவங்க படிக்கட்டும். அந்த 'உ'வ என்னா பண்ணுவ? மொத வரியில ஃபைலோட தலைப்புதான் வரணும்னு போட்டிருக்குதே இதுல."

செந்தில் டீயை உறிஞ்சிக்கொண்டே, "என் டேப்ப யாரும் தொடக் கூடாது, அவ்ளோதான்" என்றான். நான் காகிதத்தைக் கசக்கி எறிந்தது அப்போதுதான். நிர்மலா அதைக் குனிந்து எடுத்து, நீவி, தன் மானிட்டருக்குப் பின்னால் செருகி வைத்தாள். அந்த அழுத்தம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

இது நடந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது.

நம் புரோகிராம் ஓடுகிற சூளைகளில் ஒன்று, கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் இன்சுலேட்டர் சுடுகிற கேஸ் சூளை. அதன் புகைபோக்கி மேலே ஒரு தகட்டு மூடி இருக்கிறது. டேம்பர் என்பார்கள். சுட்டு முடித்து ஆற விடும்போது அது மூடியே இருக்க வேண்டும். சூடு ஐந்நூறு டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பச்சை விளக்கு எரியும். அப்போது கீழே நிற்கிறவர் சங்கிலியை இழுத்து மூடியைத் திறப்பார். ஐந்நூறுக்கு மேலே இருக்கும்போது திறந்தால் குளிர்ந்த காற்று ஓட்டம் பிடித்து, பீங்கான் படீரென்று வெடித்துவிடும். அந்தச் சூளையின் முதலாளி சங்கிலியை எடுத்துவிட்டு ஒரு மோட்டார் வைத்தார். மூடியை இனிமேல் புரோகிராமே திறக்க வேண்டும். செந்தில் ஒரு வரி சேர்த்தான், வேலை முடிந்தது.

மோட்டார் வைத்த பிறகு வெளியே வந்த முதல் லோடில் பாதிக்கு மேல் விரிசல். மூன்று நாள் கழித்து இரண்டாவது லோடு, அதுவும் அப்படியே. விரிசலின் ஓரம் பிளேடு மாதிரி கூராக இருந்தது. சூடு ஏறும்போது விரிந்திருந்தால் மேலே பூசிய பளபளப்பு உருகி ஓரம் மழுங்கியிருக்கும். கூராக இருந்தால் ஆறும்போது விரிந்தது என்று அர்த்தம். சூளைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலாளி என்னைச் சூளையடிக்கே கூப்பிட்டார். உடைந்த பீங்கான் கால்வைக்கிற இடமெல்லாம் கிடந்தது. "வசந்தாம்மா, மோட்டாரு புதுசு, எலக்ட்ரீசியன் பாத்துட்டான், நல்லா இருக்குது. ஒங்க புரோகிராம் சரியா இருக்குதா?"

நான் அன்று காலையில்தான் மூன்று தடவை படித்திருந்தேன். ஆபீசில் சூட்டை ஐந்நூறுக்குக் கீழே இருப்பதாகக் கொடுத்து ஓட்டியும் பார்த்திருந்தேன். விளக்கு எரிந்தது, மூடி திறந்தது. "நூத்துக்கு நூறு சரிங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"அப்ப சூளக் கதவத்தான் யாரோ தொறந்திருக்கணும்" என்றார் அவர். இரண்டு லோடும் ஆறிக்கொண்டிருந்த கடைசி ஷிப்டில் நின்றவர் அந்தோணிசாமி. இரண்டாவது லோடு ஆறிய அன்றைக்கு, ஊரில் மாதா கோயில் தேருக்கு ஜோடிக்கிற வேலை இருக்கிறது, சீக்கிரம் போகட்டுமா என்று அவர் கேட்டிருந்தார். முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. தேருக்கு ஓடுகிற அவசரத்தில் சீக்கிரம் ஆறட்டும் என்று கதவைத் திறந்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டார். "நாளைக்கி சாயங்காலம் நாலு மணிக்கி அவன வரச் சொல்லியிருக்கன். அதோட சரி" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தோணிசாமி நம் ஆபீஸ் படியேறி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் நம் ஆபீசுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கக்கத்தில் ஒரு நீள நோட்டோடு நின்றார்.

"யம்மா, நான் கதவத் தொடலம்மா. மாதா சத்தியமா தொடல. மொதலாளி கேக்க மாட்டன்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் என்னாண்ணா சொல்ல முடியும்? புரோகிராம் சரியா இருக்குது. மோட்டாரு சரியா இருக்குது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்க படிச்சவங்க. இத ஒரு தபா பாருங்க" என்று நோட்டை என் மேஜையில் விரித்தார்.

சூளை நோட்டு. அரை மணிக்கு ஒரு தடவை எழுதுவார்கள். நேரம், சூடு, கேஸ், கதவு, குறிப்பு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மூன்று ஷிப்டு, மூன்று பேர், மாதக்கணக்கான பக்கங்கள். அத்தனையும் ஒரே அமைப்பு. நேரம் எழுதுகிற இடத்தில் நேரம், சூடு எழுதுகிற இடத்தில் சூடு. கதவு மூடியிருந்தால் 'மூ', திறந்திருந்தால் 'தி'. இதற்கு மாற்றாக ஒருவர்கூட ஒரு எழுத்து எழுதவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் சின்னதாக ஒரு சிலுவை.

"ஒங்களுக்கு முந்துன ஷிப்டு குமாரும் எழுதறான் இல்ல? அவன் மாரியாத்தாளுக்கு தீ மிதிக்கிறவனாச்சே. அவன் பக்கத்துலயும் சிலுவ இருக்குது?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு முந்தி இருந்தவரு போட்டாரும்மா. அப்பலேர்ந்து யாரு புதுப் பக்கம் தொடங்குனாலும் அத போட்டுட்டுத்தான் எழுதறது. ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுனா அடுத்த ஷிப்டுக்காரன் என்னாத்த பாப்பான்? தூக்கக் கலக்கத்துல வருவான். கண்ணு போற எடத்துல நம்பரு இருக்கணும்ல."

எனக்குப் பின்னால் நிர்மலா உட்கார்ந்திருந்தாள். மானிட்டருக்குப் பின்னால் அந்தக் கசங்கிய காகிதம். எனக்குக் காது மடல் சூடானது.

அந்தோணிசாமி போன மாதத்து நல்ல லோடின் பக்கத்தை எடுத்து, இரண்டாவது லோடின் பக்கத்தோடு சேர்த்து வைத்தார். வரிக்கு வரி அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது. நல்ல லோடில் நெருப்பை நிறுத்திய பிறகு சூடு நிதானமாக இறங்கியிருந்தது. கெட்ட லோடில் முதல் அரை மணியிலிருந்தே இரண்டு மடங்கு வேகம். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "இது குமாரு ஷிப்டு யம்மா. நான் அப்ப வூட்ல இருக்கன். இங்கியே எறங்க ஆரம்பிச்சிடுச்சு. நான் வந்தது இதோ, இந்த வரியிலதான்."

அவர் விரல் இருந்த வரிக்கு மேலே ஆறு வரி தள்ளி ஆரம்பித்திருந்தது தப்பு. குருடனுக்கும் தெரியும். மூன்று பேர் எழுதியது ஒரே மாதிரி இருந்ததால் ஒரு நொடியில் தெரிந்தது. கதவை யாரும் திறக்கவில்லை. ஆற ஆரம்பித்த நிமிஷத்திலிருந்தே மேலே மூடி திறந்தே இருந்திருக்கிறது. மூடியைத் திறப்பது புரோகிராம். புரோகிராம் என்னுடையது.

"அண்ணா, உக்காருங்க. டீ குடிங்க. செந்தில், அந்த ஃபைல எட்றா" என்றேன்.

பத்தரை மணி. நாலு மணிக்கு அவர் வேலை போய்விடும். நானும் செந்திலும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்த இடத்தைப் படித்தோம். சூடு ஐந்நூறுக்குக் கீழே வந்தால் என்று என் 'இஃப்'. அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, பச்சை விளக்கை எரி என்று என் வரி. அதற்கும் கீழே, அதே நேர்கோட்டில், மூடியைத் திற என்று செந்திலின் வரி. படித்தோம். மறுபடி படித்தோம். நான் சத்தம் போட்டுப் படித்தேன், அவன் விரல் வைத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

"அக்கா, மறுபடியும் மோட்டாரத்தான் பாக்கணும் போல" என்றான் செந்தில். பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அந்தோணிசாமி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆடை கட்டிப் போயிருந்தது.

அப்போதுதான் நிர்மலா வாய் திறந்தாள். "அக்கா, அந்த டூல ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வீடு தீப்பிடித்து எரியும்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. அவசர நேரத்தில் புரோகிராமின் அமைப்பைக் கலைப்பது பைத்தியக்காரத்தனம், அதை இன்றைக்கும் சொல்வேன். அந்த நிமிஷம் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, "ஒனக்கு நேரங்காலமே கெடையாதாடி" என்று. ஆனால் மேஜையில் அந்த நோட்டு விரிந்து கிடந்தது. ஒரே மாதிரி இருந்ததால்தான் அதில் தப்பு கண்ணில் பட்டது என்பதைக் காலையில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகும் வீம்பு பிடித்தால் நான் மனுஷியா?

"ஒரிஜினல தொடாத. ஒரு காப்பி எடுத்து அதுல ஓட்டு" என்றேன்.

ஓட்டினாள். திரை ஒரு தடவை சிமிட்டியது. செந்திலின் நீள வரிகள் மடங்கி உள்ளே வந்தன, என் வரிகள் வரிசையில் நின்றன. விளக்கு வரி 'இஃப்'புக்குள்ளேயே, தள்ளியே இருந்தது. மூடியைத் திறக்கிற வரி மட்டும் இடது பக்கம் நகர்ந்து, 'இஃப்'புக்கு வெளியே வந்து, தனியாக நின்றது.

"அடப் பாவி!" என்று செந்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

விஷயம் இவ்வளவுதான். பிராக்கெட் இல்லாத 'இஃப்'புக்கு, கீழே வருகிற முதல் வரி மட்டும்தான் சொந்தம். நான் ஒற்றை வரி எழுதியபோது அது சரி. செந்தில் இரண்டாவது வரியைச் சேர்த்தபோது, டேப் தட்டி அதே நேர்கோட்டில் நிறுத்திவிட்டான், உள்ளே இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாதே. அது அந்த வரியை வெளியே இருப்பதாகத்தான் படித்தது. சூடு எவ்வளவு இருந்தாலும், ஆற ஆரம்பித்ததும் மூடியைத் திறந்தது. விளக்கு மட்டும் சரியான நேரத்தில் எரிந்ததால் மூடியும் அப்போதுதான் திறக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். மூடி இருப்பது கூரைக்கு மேலே, கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. நான் ஆபீசில் ஓட்டிப் பார்த்தபோது குறைந்த சூட்டில் திறக்கிறதா என்று பார்த்தேன், கூடின சூட்டில் மூடியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவன் வழக்கப்படி அவன் எழுதியது சரி, என் வழக்கப்படி நான் எழுதியது சரி. இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் ஐம்பது வயசு மனிதர் ஒருவரின் வேலை போகப் பார்த்தது.

செந்தில் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அது என் வரிக்கா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தமில்லாம திருத்திடலாமா? மோட்டார்ல ஏதோ சின்னதா சரி பண்ணோம்னு சொல்லிட்டா..." என்றான்.

அவனைக் குறை சொல்லாதீர்கள். அந்த யோசனை எனக்கும் வந்தது. அரை நிமிஷம் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்றது. திருத்திவிட்டால் அடுத்த லோடு நன்றாக வரும், நம் பெயரும் கெடாது. அந்தோணிசாமி கதவைத் திறந்தவராகவே வீட்டுக்குப் போவார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதருக்கு இதில் ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ கிடைத்துவிட்டது என்று தெரிந்து, பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தார்.

"வரி ஒன்னுதுதான். ஆனா பிராக்கெட் போடாம, கதவு வைக்காத வூடு மாதிரி வுட்டு வச்சது யாரு? நானு" என்றேன் செந்திலிடம். "நூத்துக்கு நூறுன்னு சொன்ன வாயும் என் வாயிதான். நீ பைக்க எடு. அண்ணா, நீங்களும் வாங்க."

முதலாளி அறையில் நான் உட்காரவில்லை. நோட்டின் இரண்டு பக்கத்தையும் காட்டினேன், பிறகு பழையதும் புதியதுமாக இரண்டு பிரிண்டைக் காட்டினேன். "அந்தோணி அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. ரெண்டு லோடையும் ஒடச்சது என் புரோகிராம்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "நேத்து என்னா சொன்னீங்க?"

"நேத்து திமிர்ல சொல்லிட்டங்க."

கத்தினார். பத்து நிமிஷம் கத்தினார். இருபது வருஷத்தில் அப்படித் திட்டு நான் வாங்கியதில்லை, வாங்கவேண்டிய திட்டு என்பதால் வாங்கிக்கொண்டேன். கத்தி முடித்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகுதான் சரியான கேள்வியைக் கேட்டார். "இதே மாதிரி இன்னும் எத்தினி எடத்துல இருக்குது?"

"தெரியலீங்க" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "நாளைக்கி காலையில சூள பத்த வைக்கிறதுக்குள்ள எல்லா ஃபைலையும் ஒரே மாதிரி ஆக்கி, வரி வரியா பாத்துடறோம். எங்க நிர்மலாகிட்ட அதுக்கு வழி இருக்குது. மூணாவது லோடுக்கு மோட்டாரு வேணாம். சங்கிலியையே மாட்டுங்க. புரோகிராம நல்லா சோதிச்ச அப்புறம் மோட்டார மாட்டிக்கலாம். சங்கிலிகிட்ட அந்தோணி அண்ணன் நிக்கணும். அவரு இல்லாம நான் பத்த வைக்க வுட மாட்டன்."

"நீங்க யாரு வுடறதுக்கு?" என்றார் முதலாளி. ஆனால் அந்தோணிசாமியைப் பார்த்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏம்ப்பா, ஞாயித்துக்கெழம தேரா?"

"சாயங்காலம்தாங்க."

"மத்தியானம் சூளையப் பிரிச்சிட்டுப் போ."

ஆபீசுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், நிர்மலாவின் மானிட்டருக்குப் பின்னாலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, என் மேஜை விரிப்புக் கண்ணாடிக்கு அடியில் வைத்ததுதான். கசங்கின கோடெல்லாம் தெரிந்தது, தெரியட்டும். "ஓட்டும்மா ஒன் டூல. இப்ப ஒரிஜினல்லயே ஓட்டு" என்றேன். செந்தில் தன் டேப்பைத் தானே தியாகம் செய்தான். மூன்று பேரும் வரி வரியாகப் பார்த்தோம். பிராக்கெட் இல்லாத 'இஃப்' இன்னும் பல இடத்தில் இருந்தது, எல்லாம் என் கைவரிசை. நல்ல வேளையாக அவற்றில் இரண்டாவது வரி சேர்க்க யாருக்கும் வேலை வந்திருக்கவில்லை.

முதல் வரி 'உ'க்கு வந்தபோது, "எடுத்துடும்மா, போகட்டும்" என்றேன். வாய் சொன்னது, மனசு கனத்தது.

"எதுக்குக்கா எடுக்கணும்? உங்க ஃபைல்ல மட்டும் இருந்தாத்தான் தப்பு. எல்லா ஃபைல்லயும் போட்டுடலாம். ஒரே மாதிரின்னா ஒரே மாதிரி" என்றாள் நிர்மலா. அவள் காகிதத்தில் முதல் விதிக்கு மேலே பேனாவால் ஒரு 'உ' போட்டாள். மாதா கோயில் பிள்ளைகள் உங்களில் இருவர் இருக்கிறீர்களாமே, இந்த 'உ' எதற்கு என்று நீங்கள் கேட்டதாகவும் நிர்மலா சொன்னாள். குமார் போடுகிற சிலுவையைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சூளையடியில் இருந்தோம். சங்கிலியைச் சரியான சமயத்தில் இழுத்தவர் அந்தோணிசாமி. கதவைத் திறந்ததும் ஆறிப்போய் மிச்சமிருந்த இளஞ்சூடு முகத்தில் அடித்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று வரிசை வரிசையாக நின்றன இன்சுலேட்டர்கள். முதலாளி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விரிசல் விழுந்த பீங்கானைத் தட்டினால் பொத்தென்று மந்தமான சத்தம் வரும். அந்தோணிசாமி கையுறையைக் கழற்றிவிட்டு முதல் வரிசையில் ஒன்றை எடுத்து, விரல் முட்டியால் தட்டினார்.

ணங்.

அடுத்தது. ணங். அதற்கடுத்தது. செந்தில் ஒரு பக்கம் தட்ட ஆரம்பித்தான், நிர்மலா ஒரு பக்கம், குமார் ஒரு பக்கம். கொஞ்ச நேரத்தில் பழமலைநாதர் கோயிலில் பூஜை நேரத்து மணிச் சத்தம் மாதிரி அந்தக் கொட்டகையே அதிர்ந்தது. முதலாளியே வந்து ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யப்பா!" என்றார். நான் அழுதேன். வெளிப்படையாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன், எனக்கு வெட்கமே இல்லை. இருபது வருஷம் நான் எழுதி ஓடிய புரோகிராம் எதுவும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

எல்லாம் அடுக்கி முடிந்ததும் அந்தோணிசாமி நோட்டை எடுத்தார். ஊருக்குக் கிளம்ப பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நின்று, விரிசல் விழுந்த இரண்டு லோடின் பக்கத்தையும் புரட்டிக் காட்டினார். குறிப்பு எழுதுகிற கட்டத்தில் 'விரிசல்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால், 'கதவு?' என்று எழுதியிருந்தார்கள். அவர் அதை அழிக்கவில்லை.

பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதுங்க யம்மா. நான் எழுதுனா எனக்காவ எழுதிக்கிட்டன்னு ஆயிடும்."

என் கை 'நிரல் அமைப்பில் ஏற்பட்ட' என்று நீட்டி முழக்கப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன். மேலே உள்ள வரிகளைப் பார்த்து, அவர்கள் எப்படி எழுதுவார்களோ அப்படியே, அதே கட்டத்தில், அதே அளவில் எழுதினேன். 'கதவு மூ. புரோகிராம் தப்பு. வசந்தா.' இரண்டு பக்கத்திலும் எழுதினேன். அந்தோணிசாமி எழுத்துக்கூட்டிப் படித்தார், தலையை ஆட்டினார், நோட்டை ஆணியில் மாட்டினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "தேர் பாக்க வாங்களேன், தேரு கெளம்ப இன்னும் நேரம் இருக்குது" என்றார்.

போனோம். மூன்று பேரும் போனோம். அந்தோணிசாமி தேருக்கு முன்னால் தோள் கொடுத்துப் போய்க்கொண்டிருந்தார், எங்களைக் கண்டதும் கூட்டத்துக்குள்ளிருந்தே கையை உயர்த்தி, காற்றில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காட்டினார்.